கிளிநொச்சியில் கிறிஸ்தவ வாழ்வியல் பயிற்றுநராகத் தொழில் தொடங்கலாமா?

கனகபுரத்தாள்

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். திட்டம் முடிந்ததோடு வேலையும் முடிந்தது. சபையில் வாலிபர் கூட்டத்தை நடத்துகிறேன். கூட்டம் கலைந்த பிறகும் சில பிள்ளைகள் சைக்கிளைப் பிடித்தபடி நின்று, "அக்கா, ஒரு விஷயம் கதைக்க வேண்டும்" என்று தொடங்குவார்கள். படிப்பு, வேலை, வெளிநாடு போவதா நிற்பதா, வீட்டில் பேசுகிற கலியாணத்துக்கு என்ன பதில் சொல்வது என்று எல்லாம் வரும். இதை முறையாகச் செய்ய வேண்டும் என்று இணையவழியில் வாழ்வியல் பயிற்றுநர் (life coach) பாடநெறி ஒன்றைப் படித்து முடித்திருக்கிறேன். புத்தி சொல்லாமல், கேள்வி கேட்டு, ஒருவர் தன் முடிவைத் தானே எடுக்க உதவுவதுதான் இந்த வேலை.

இனி இதையே தொழிலாக, கிறிஸ்தவப் பயிற்றுநர் என்ற பெயரோடு செய்ய நினைக்கிறேன். காசு வாங்குவது சரியா, வன்னியில் இதற்கு யார் வருவார்கள், சபைக்கும் இந்தத் தொழிலுக்கும் இடையில் எவ்வளவு தூரம் வைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெளிவாகவில்லை. அம்மா, அரச வேலைக்குப் பரீட்சை எழுது என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான் கடைக்காரன்

தங்கச்சி, மனம் நோக வேண்டாம். 2009க்குப் பிறகு இந்தப் பக்கத்தில் எத்தனை பயிற்சிப் பட்டறைகள் நடந்தன என்பது உங்களுக்கே தெரியும். நடத்தியவர்களில் நீங்களும் ஒருவர். தலைமைத்துவம், சிறுதொழில், முரண்பாட்டுத் தீர்வு என்று எதற்குப் போனாலும் தேநீர், மதியச் சாப்பாடு, கொப்பி, பேனை, போதாததற்குப் போக்குவரத்துப்படி. சனம் அதற்குப் பழகிவிட்டது. இப்போது நீங்கள் கூப்பிட்டு, கொப்பியும் தராமல், புத்தியும் சொல்லாமல், கேள்வி மட்டும் கேட்டுவிட்டு எழும்பும்போது காசும் கேட்டால் யார் திரும்பி வருவார்கள்? கேள்வி கேட்பதற்கு என் கடைக்கு நாள்தோறும் ஆட்கள் வருகிறார்கள். நான் அவர்களுக்குத் தேநீரும் கொடுக்கிறேன்.

குருமன்காடு

வவுனியாவில் இந்தத் தொழிலைச் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். கடைக்கார அண்ணா சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியிலிருந்தே தொடங்குவோம்.

கிராமத்துத் தனி ஆட்களின் கட்டணத்தை நம்பி இங்கே யாரும் நிலைக்க முடியாது. நுண்கடன் தவணைக்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற வீட்டில் அமர்வுக்குக் காசு கேட்க எனக்கு மனம் வராது. என் வருமானம் வேறு இடங்களிலிருந்து வருகிறது. முதலாவது, திருச்சபைகளும் அவற்றின் நிறுவனங்களும்: தொழிற்பயிற்சி நிலையங்கள், பிள்ளைகள் இல்லங்கள், இளம் போதகர்கள். சபையில் எல்லோருடைய பாரத்தையும் கேட்கிற போதகருக்குத் தன் பாரத்தைச் சொல்ல ஊரில் ஆள் இல்லை. மேலிடத்தில் சொன்னால் இடமாற்றம், சபையாரிடம் சொன்னால் ஊர்க்கதை. வெளியாளான ஒரு பயிற்றுநர் அங்கே உண்மையாகவே தேவைப்படுகிறார். அந்தக் கட்டணத்தை நிறுவனம் கொடுக்கிறது.

இரண்டாவது, புலம்பெயர்ந்தவர்கள். தமிழில் கதைத்து, வேதமும் தெரிந்த ஒரு ஆளை லண்டனிலும் ரொறன்ரோவிலும் தேடுகிறார்கள். நேரக் கணக்கைக் கவனியுங்கள். ரொறன்ரோவில் காலை எட்டு மணி என்பது கோடையில் நமக்கு மாலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. லண்டனில் சனிக்கிழமை காலை பத்து மணி நமக்குப் பிற்பகல் இரண்டரை அல்லது மூன்றரை. இரவு பன்னிரண்டு மணிக்கு அமர்வு எடுக்கச் சம்மதித்தால் காலைப் பொழுது முழுவதும் வீணாகும். அவர்களுடைய காலையை மட்டும் கொடுங்கள்.

மூன்றாவது வகைதான் சிக்கலானது. உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு நிற்கிற பிள்ளை இங்கே, காசு கொடுக்கிற மாமா கனடாவில். மூன்றாம் அமர்வு முடிவதற்குள் மாமா அழைப்பார்: "என்ன சொல்கிறான், எவளையாவது விரும்புகிறானா?" நான் தொடங்கும்போதே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி பிள்ளை, மாமா இருவரிடமும் ஒப்பம் வாங்கிவிடுகிறேன். காசு கொடுப்பவருக்கு அமர்வு நடந்ததா இல்லையா என்பது மட்டும் சொல்லப்படும். அதற்கு ஒப்புக்கொள்ளாத மாமாவின் காசு எனக்கு வேண்டாம். இந்த ஒரு விதியால் சில வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறேன். ஆனால் நான் வாய் திறப்பதில்லை என்பது பிள்ளைகள் வழியாகவே பரவியது. எந்த விளம்பரத்தையும் விட அதுதான் எனக்கு ஆட்களைக் கொண்டுவந்தது.

சான்றிதழ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டும். மருத்துவருக்கு இருப்பதுபோல் இந்தத் தொழிலுக்கு அரச பதிவு கிடையாது. யாரும் பலகை மாட்டலாம், மாட்டுகிறார்கள். அதனால்தான் வெளியே ஒரு அளவுகோல் தேவைப்படுகிறது. 1995இல் தொடங்கிய சர்வதேசப் பயிற்றுநர் கூட்டமைப்பான ஐ.சி.எஃப் மூன்று நிலைகளில் சான்று தருகிறது. முதல் நிலைக்கு 60 மணி நேரப் படிப்பு, 100 மணி நேர அனுபவம், மூத்த பயிற்றுநர் ஒருவரின் கீழ் 10 மணி நேரம், பிறகு பரீட்சை. அடுத்த நிலைக்கு 125 மணி நேரப் படிப்பும் 500 மணி நேர அனுபவமும். முதல் நிலையின் 100 மணி நேரத்தில் 75 கட்டணம் பெற்றுச் செய்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. எவ்வளவு கட்டணம் என்று விதியில் இல்லை. பண்டமாற்றாகப் பொருள் வாங்கினாலும் கணக்கில் சேரும். முட்டை, தேங்காய், தேன் எல்லாம் வாங்கியிருக்கிறேன், பதிவேட்டில் எழுதியும் இருக்கிறேன்.

நீங்கள் படித்த பாடநெறி எத்தனை மணி நேரம், அதை அந்தக் கூட்டமைப்பு ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் சான்றிதழ் தருகிற வகுப்புகள் முகநூலில் நிறைய ஓடுகின்றன.

முள்ளியவளைப் போதகர்

மகளே, நான் முப்பது வருடத்துக்கு மேலாகத் திருச்சபை ஊழியத்தில் இருக்கிறேன். வேறொரு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கேள்வி கேட்பது நமக்குப் புதிதல்ல. பார்வையற்ற பர்திமேயு கூப்பிட்டபோது அவனுக்கு என்ன தேவை என்பது எரிகோவிலிருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆண்டவர் அப்போதும் நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனிடமே கேட்டார். நீதிமொழிகள் 20:5 மனிதனுடைய இருதயத்து யோசனையை ஆழமான தண்ணீர் என்கிறது, புத்திமான் அதை மொண்டெடுப்பான் என்கிறது. மொண்டெடுக்கிறவனின் வேலை தண்ணீர் ஊற்றுவதல்ல. போதகர்களாகிய நாங்கள் ஊற்றியே பழகியவர்கள். ஆகவே உங்களைப் போன்றவர்கள் வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

காசு விஷயத்தில் வேதத்தையே இரு பக்கத்தாரும் இழுப்பார்கள். கொரிந்துவில் பவுல் கூடாரம் செய்து பிழைத்தான் என்பது அப்போஸ்தலர் 18இல் இருக்கிறது. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்பது லூக்கா 10இல் இருக்கிறது. நான் சொல்வது இவ்வளவுதான்: ஜெபத்துக்குக் காசு வாங்காதீர்கள், அமர்வுக்கு வாங்குங்கள். இரண்டும் ஒரே மேசையில் நடந்தால் எது எதற்கு என்று உங்களுக்கே தெரியாமல் போகும். வாலிபர் கூட்டத்தில் உங்களிடம் வருகிற பிள்ளையை வாடிக்கையாளர் ஆக்காதீர்கள், அவன் சபையின் பிள்ளை. ஜெபக்குறிப்பில் வந்த பெயரை வைத்து அழைக்காதீர்கள். சபை மண்டபம் வேண்டுமானால் மற்றவர்கள் கொடுக்கிற வாடகையைக் கொடுத்து எடுங்கள், பற்றுச்சீட்டும் வாங்குங்கள். நாளைக்கு நிர்வாகக் குழுவில் யாராவது கேட்பார்கள். கேட்காத சபையை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. எந்தச் சபைப் பிள்ளை உங்களிடம் வந்தாலும் அந்தச் சபையிலிருந்து அவனை இழுத்துவிடுவீர்கள் என்ற பயம் மற்றப் போதகர்களுக்கு இருக்கும். கத்தோலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்தியத் திருச்சபை, பெந்தெகொஸ்தே என்று இங்கே எல்லோரும் பக்கத்துப் பக்கத்து ஒழுங்கையில்தான் இருக்கிறோம். பலகை மாட்டுவதற்கு முன் ஒவ்வொருவரையும் போய்ச் சந்தித்துச் சொல்லுங்கள். அனுமதி கேட்கப் போக வேண்டாம், அறியத் தருவதற்குப் போங்கள்.

புதுக்குடியிருப்பு ஆசிரியர்

நான் சைவன். இந்த இழையில் எழுதலாமா என்று யோசித்தேன், போதகர் ஐயா பயத்தைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். மற்றச் சபைகளின் பயம் சிறியது, எங்கள் பக்கத்துப் பயம் பெரியது.

போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் தறப்பாள் கொட்டிலில் இருந்த சனத்திடம் அரிசிப் பையோடு துண்டுப்பிரசுரமும் வந்ததைக் கண்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். கொடுத்தவர்களில் நல்ல மனிதர்கள் பலர், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கசப்பு போகவில்லை. "வாழ்க்கைக்கு வழிகாட்டுகிறோம்" என்று ஒரு பலகை கண்டால், உள்ளே போனால் முடிவில் ஞானஸ்நானம்தான் என்று ஊர் சொல்லும். என் பாடசாலையிலே தொழில் வழிகாட்டல் என்று வந்த ஒருவர் கடைசிப் பத்து நிமிடத்தில் கண்களை மூடச் சொன்னார். அடுத்த நாள் பெற்றோர் அதிபரின் அறையில்.

கனகபுரத்தாள்

ஐயா, எழுதியதற்கு நன்றி. அப்படியானால் பலகையில் "கிறிஸ்தவ" என்ற சொல்லை விட்டுவிடலாமா? பொதுவாக வாழ்வியல் பயிற்றுநர் என்று போட்டால் எல்லோரும் வருவார்கள் அல்லவா?

புதுக்குடியிருப்பு ஆசிரியர்

வேண்டாம் பிள்ளை. அதைத்தான் நான் அஞ்சுவதே. பலகையில் இல்லாமல் மேசையில் வந்தால் அதற்குப் பெயர் ஏமாற்று. கிறிஸ்தவர் என்று எழுதுங்கள். கீழே, எந்தச் சமயத்தவரும் வரலாம், அவர் கேட்டால் ஒழிய ஜெபமோ வேதவசனமோ இடம்பெறாது என்று எழுதுங்கள். எழுதியபடி நடவுங்கள். முதலில் நூறு பேர் நம்பமாட்டார்கள். வட்டாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போகிற ஒரு தாய் தன் மகளை உங்களிடம் அனுப்பி, மகள் அதே திருநீற்றோடு திரும்பி வந்தால் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

குருமன்காடு

ஆசிரியர் ஐயாவோடு முழுவதும் உடன்படுகிறேன். என்னிடம் வருபவர்களிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்கிறேன்: ஜெபத்தோடு தொடங்கலாமா, வேண்டாமா. கிறிஸ்தவர்களிலேயே சிலர் வேண்டாம் என்கிறார்கள். விசுவாசம் களைத்துப்போய் வருகிறவர்கள் அவர்கள். அவர்களிடம் வசனம் சொன்னால் வாயை மூடிக்கொள்வார்கள், ஏனென்றால் வசனத்துக்கு எதிராகப் பேசப் பழக்கப்படவில்லை. வசனம் அவர்கள் வாயிலிருந்து வந்தால் மட்டும் நான் பிடித்துக்கொள்கிறேன்.

ஸ்காபரோ சகோதரன்

நீங்கள் எல்லோரும் தடைகளையே எழுதுகிறீர்கள். தங்கச்சி, இங்கே கனடாவில் பயிற்றுநர்கள் மணிக்கு நூறு, இருநூறு டொலர் வாங்குகிறார்கள். நீங்கள் ஒரு இணையத்தளம் தொடங்குங்கள், ஒரு குறுகிய பிரிவினரைத் தெரிவு செய்யுங்கள். புலம்பெயர் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். வாரம் ஒரு காணொளி, முதல் அமர்வு இலவசம், உங்களால் வாழ்க்கை மாறியவர்களின் சாட்சிகளைப் படத்தோடு போடுங்கள். ஒரு வருடத்தில் கிளிநொச்சியில் வீடு கட்டலாம்.

குருமன்காடு

குறுகிய பிரிவினரைத் தெரிவு செய்வது நல்ல யோசனை தம்பி, அதை எடுத்துக்கொள்ளட்டும். முதல் சந்திப்பு இலவசம் என்பதும் சரி, அது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதற்கு. சாட்சிகளை விட்டுவிடுங்கள். ஸ்காபரோவில் ஒரு பெண்ணின் முகத்தைப் போட்டு, மணவாழ்க்கைக் குழப்பத்திலிருந்து வெளியே வந்தார் என்று எழுதினால் மாலைக்குள் பரந்தனிலுள்ள மாமியாருக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். பெயரை மாற்றினாலும் கண்டுபிடிப்பார்கள். ஊரின் பெயர், பிள்ளைகளின் எண்ணிக்கை, கணவனின் வேலை மூன்றும் போதும். பிரசங்கத்துக்கு உதாரணம் தேடுகிற போதகர்களுக்கும் இதையே சொல்கிறேன் (முள்ளியவளை ஐயா மன்னிக்கவும்).

முள்ளியவளைப் போதகர்

மன்னிக்க ஒன்றுமில்லை. குறித்துக்கொண்டேன்.

மாந்தை கிழக்கு

நான் பிரதேச செயலகம் ஒன்றில் உளவளத்துணைப் பிரிவில் பணியாற்றுகிறேன். இவ்வளவு நேரமும் வாசித்தேன். தொழில், கட்டணம், பலகை எல்லாம் சரி. யாரை ஏற்கக் கூடாது என்பதை இன்னும் ஒருவரும் எழுதவில்லை.

இலக்கு என்ன, இப்போது எங்கே நிற்கிறீர்கள், என்ன வழிகள் இருக்கின்றன, எதைச் செய்யப் போகிறீர்கள் என்ற வரிசையில் நீங்கள் கேட்பீர்கள். ஒரு தொழில் தொடங்குகிற பெண்ணுக்கு அது நல்ல வரிசை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அங்கே அமர்ந்த ஒரு தாயிடம் "உங்கள் அடுத்த ஐந்து வருட இலக்கு என்ன" என்று கேட்டால் அது கொடுமை. அவருடைய துக்கத்துக்கு முடிவுத் திகதி இல்லை. எல்லாவற்றையும் கடந்து முன்னேறுங்கள் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போனவர் அவர்.

நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, குரல் கேட்கிறது, செத்தால் நல்லது என்று நினைக்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே உங்கள் கேள்வித்தாளை மூடிவிடுங்கள். வீட்டில் அடி விழுகிறது என்றாலும் அப்படித்தான். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவு, பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தர், 24 மணி நேரமும் இயங்குகிற 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கம், பிள்ளைகள் விஷயமென்றால் 1929. இவற்றைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அனுப்புவதோடு நிற்காமல், முதல் தடவை கூடவே போங்கள். உளநலப் பிரிவு வாசலில் தனியாக நிற்க வெட்கப்பட்டு வீட்டுக்குத் திரும்பியவர்கள் பலர். உபவாச ஜெபம் போதும், மருந்தை நிறுத்து என்று ஒருவருக்கும் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் பிறகு எங்களிடம் வந்து சேரும் நிலையை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இது உங்களைத் தடுக்க அல்ல. எங்களிடம் குணமாகிய பிறகு, "இனி என்ன செய்யலாம்" என்று நிற்கிறவர்களுக்கு அனுப்ப ஆள் இல்லை. நல்ல பயிற்றுநர் ஒருவர் கிளிநொச்சியில் இருந்தால் நானே அனுப்புவேன்.

கனகபுரத்தாள்

அக்கா, இதைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டேன். வந்து சந்திக்கலாமா?

எல்லோரும் எழுதியதை வைத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். முழுநேரமாக இப்போது இறங்கப் போவதில்லை. காலையில் தனியார் கல்வி நிலையத்தில் வகுப்பு எடுக்க அழைப்பு இருக்கிறது, அதை ஏற்கிறேன். மாலையில் அமர்வுகள். உயர்தரம் முடித்த பெண்பிள்ளைகளும், அறிவியல்நகர் பல்கலைக்கழக வளாகத்துக்கு வெளியூரிலிருந்து வந்து படிப்பவர்களும்தான் என் முதல் ஆட்கள். சபைப் பிள்ளைகளோடு வழமைபோல் சைக்கிள் பக்கத்தில் நின்று இலவசமாகக் கதைப்பேன்.

இடம்தான் பிரச்சினை. வீட்டில் அம்மா தேநீர் கொண்டுவரும் சாட்டில் மூன்று தடவை வருவார். தனி அறை எடுத்தால், யாருடைய மோட்டார் சைக்கிள் எவ்வளவு நேரம் வாசலில் நின்றது என்று எதிர்க்கடையில் கணக்கு வைப்பார்கள்.

குருமன்காடு

வைக்கட்டும். கண்ணாடிக் கதவு உள்ள அறை எடுங்கள். ஆள் தெரிய வேண்டும், குரல் கேட்கக் கூடாது. ஆண்கள் வந்தால் பகலில் மட்டும், அல்லது இணையவழி. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

கிராம அலுவலரிடம் கடிதம் வாங்கிப் பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். வங்கியில் தனிக் கணக்கு வேண்டும். வெளிநாட்டுக் காசு வங்கி வழியாகவே வரட்டும், வங்கிக்கு வெளியே காசு மாற்றுகிற உண்டியல்காரரிடம் போகாதீர்கள். 2025 ஏப்ரல் முதல் வருட வருமானம் 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபருக்கு வருமான வரி இல்லை. அதற்கு மேல் போனால் அது நல்ல கவலை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இருக்கிறதோ இல்லையோ, குறிப்பேட்டைப் பூட்டி வையுங்கள், முழுப் பெயர் எழுதாதீர்கள்.

மாதத்துக்கு ஒரு தடவை மூத்த பயிற்றுநர் ஒருவரோடு உங்கள் அமர்வுகளைப் பற்றிக் கதையுங்கள். இதை நானே செய்து தருகிறேன். கட்டணம் உண்டு!

ஒட்டுசுட்டான் கடைக்காரன்

சரி தங்கச்சி, கிண்டல் செய்தாலும் எல்லாவற்றையும் வாசித்தேன். என் தமக்கையின் மகள் ஒருத்தி இருக்கிறாள். உயர்தரம் முடித்துக் கைபேசியோடு படுத்தபடி இருக்கிறாள். என்ன கேட்டாலும் பதில் இல்லை. நீங்கள் எடுப்பீர்களா? கட்டணத்தை நான் தருகிறேன். பெரும்போக அறுவடை மாசியில் முடிந்துவிடும், ஒரு மூட்டை நெல் என்றால் கணக்கில் சேரும் என்று வவுனியாக்காரர் எழுதியிருக்கிறார்.

கனகபுரத்தாள்

நெல் சேரும் அண்ணா. ஆனால் அவளே என்னை அழைக்க வேண்டும். நீங்கள் பிடித்துக்கொண்டுவந்து விட்டால் என்னோடும் படுத்தபடிதான் இருப்பாள். என்ன கதைத்தோம் என்று உங்களுக்குச் சொல்லவும் மாட்டேன்.

ஒட்டுசுட்டான் கடைக்காரன்

என்ன சொன்னாள் என்று தெரியாமல் நான் ஏன் நெல் தர வேண்டும்?

கனகபுரத்தாள்

அதற்குத்தான் அண்ணா முதலிலேயே ஒப்பம் வாங்குவது. தாளை அனுப்பி வைக்கிறேன், வாசித்துப் பாருங்கள்.